கட்டடமும் கட்டியவர் குணமும்

ஒருவர் செய்த பொருளைக் கண்டு, அதனைச் செய்தவர் எத்தகையவராக இருந்திருப்பார் என்று எண்ணிப் பார்ப்பது மனித இயல்பு. நல்ல கவிதையைப் படித்தால் புலவரின் முகத்தைக் காண விழைகிறோம். விருந்தில் குழம்பு சுவைத்தால் சமைத்தவர் யார் என்று அடுக்களையை எட்டிப் பார்க்கிறோம். ஒரு கட்டடத்தின்முன் நிற்கும்போதும் அவ்வாறே. இதனைக் கட்டியவர் யார் என்பது முதல் வினா. அவர் எப்படிப்பட்டவர் என்பது இரண்டாம் வினா. முதல் வினாவிற்குக் கல்வெட்டோ ஏடோ விடை தரக்கூடும். இரண்டாம் வினாவிற்கு நாமே விடையைப் புனைந்துகொள்கிறோம். அவ்வாறு புனைந்து யாம் செய்த பிழை ஒன்றினைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எம் பெயர்த்தி இந்நகரில் கட்டடக் கலை பயில்பவள். சென்ற ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தோழியர் இருவருடன் எம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அவள் ஒரு விளையாட்டில் மூழ்கியிருந்தாள். மனிதரைப் பதினாறு வகையினராகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் நான்கு எழுத்துகளால் பெயரிட்டு, வரலாற்றில் வாழ்ந்த கட்டடக் கலைஞர்களை எல்லாம் அந்தப் பதினாறு கட்டங்களில் அடைப்பதே அவ்விளையாட்டு. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலில் அகமுக இயல்பினர், புறமுக இயல்பினர் என்று வகுத்துக் காட்டினார். அதனை அடியாகக் கொண்டு அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்னும் அம்மையாரும் அவர்தம் மகளார் இசபெல் மையர்சும் வினாத்தாள் ஒன்றை அமைத்தனர். இன்று அது கைப்பேசி வழியாக எல்லார் வீட்டிற்குள்ளும் வந்துவிட்டது. அப்பதினாறு வகைகளுள் ஒன்றிற்குக் 'கட்டடக் கலைஞர்' என்றே பெயர் வழங்குகிறார்களாம். தனித்திருப்பவர், திட்டமிடுபவர், உணர்ச்சியினும் அறிவையே நம்புபவர் ஆகியோர் அவ்வகையினர். அப்படியாயின் கட்டடக் கலைஞர் எல்லாரையும் அந்த ஒரு கட்டத்தில் அடைத்துவிடலாமே என்று யாம் நகைத்தோம்.

"நம் பெங்களூருக்கு ஒருவர் வேண்டும், தாத்தா. ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் எந்த வகை? நீங்கள்தாம் அவர் கட்டடங்களைப் பார்த்தவராயிற்றே" என்றாள் பெயர்த்தி.

யாம் ஒரு நொடியும் தயங்கவில்லை. "அந்தக் கட்டத்திலேயே போடு, அம்மா. உணர்ச்சியில்லாத மனிதர். அளவுகோல்தான் அவருக்கு நெஞ்சு" என்றோம்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எமக்கு இருந்த சான்று ஒன்றே ஒன்று. 1967ஆம் ஆண்டில், கட்டடப் பணிகளை மேற்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் இளம் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், அலுவல் பற்றி இந்திய அறிவியல் கழகத்திற்குச் சென்றோம். டாட்டா இன்ஸ்டிடியூட் என்று இந்நகர மக்கள் வழங்கும் அதே கழகந்தான். அதன் முதன்மைக் கட்டடம் பம்பாய்க் கட்டடக் கலைஞர் சி. எப். ஸ்டீவன்ஸ் வரைந்தது, கருங்கல்லும் உயர்ந்த கோபுரமுமாக எவரையும் நிமிர்ந்து பார்க்க வைப்பது. அதனைக் கண்டு நெஞ்சு விம்மிய யாம், சிறிது தொலைவு நடந்து உலோகவியல் துறையின் கட்டடத்தை அடைந்தோம். தட்டையான கூரை; நீண்டு ஓடும் நேர்க்கோடுகள்; சன்னல்களின்மேல் துருத்தி நிற்கும் நிழல் தடுப்புகள். ஒரு பூவேலை இல்லை. ஒரு வளைவு இல்லை. உடன் வந்த மூத்தவர், "ஜெர்மானியர் ஒருவர் வரைந்தது" என்றார். அச்சொல்லும் அக்கோடுகளும் எம் நெஞ்சில் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. விறைப்பான மனிதர் கட்டிய விறைப்பான கட்டடம் என்று முடிவு கட்டினோம். அம்முடிவு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எம்மிடம் கேள்வியின்றி இருந்தது.

இத்தகைய முடிவுகள் எமக்கு மட்டும் உரியன அல்ல. கட்டியவரின் குணத்தைக் கற்பிப்பதில் நம் நாட்டார் யாவர்க்கும் இளைத்தவர் அல்லர். கன்னட நாட்டில் சக்கணாச்சாரியின் கதையை அறியாதார் இலர். பேலூரில் அவர் வடித்த சிலையில் குறையுண்டு என்று ஓர் இளைஞன் சொல்கிறான். குறை மெய்யானால் கையை வெட்டிக்கொள்வேன் என்று சூளுரைக்கிறார் சிற்பி. கல்லைப் பிளந்தால் உள்ளே தேரை. சிற்பி கையை வெட்டிக்கொள்ள, அவ்விளைஞன் தம் மகனே என்பது பின்னர்த் தெரிகிறது. தும்கூர் அருகே கைதாளாவில் இறைவன் அருளால் கை மீண்டும் வளர்ந்தது என்று கதை முடிகிறது. செருக்கும் நேர்மையும் கலந்த ஒரு மாமனிதரை இக்கதை நம் கண்முன் நிறுத்துகிறது. ஆயினும் ஒய்சளர் காலத்துக் கல்வெட்டுகளில் அப்பெயர் காணப்படவில்லை என்பர் வரலாற்றறிஞர். காணப்படுவது வேறு பெயர்கள். சோமநாதபுரக் கோயிலில் மல்லிதம்மா என்னும் சிற்பி தாம் வடித்த உருவங்களின் அடியில் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். அவரைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை. கதைக்கு உரியவருக்குக் கையொப்பம் இல்லை. கையொப்பம் இட்டவருக்குக் கதை இல்லை.

தஞ்சையிலும் இதுவே நிலை. 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்வெட்டு, குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று ஒரு பெயரை நமக்குத் தருகிறது. அரசனின் பட்டப் பெயரையே தன் சிறப்புப் பெயராகத் தாங்கும் உரிமை பெற்ற தச்சன் அவன். அந்த விமானத்தை அண்ணாந்து பார்ப்பவர் எல்லாரும் அவன் துணிவு மிக்கவன், பெருமிதம் மிக்கவன் என்று சொல்வர். துணிவு அவனுடையதா, அவனை ஏவிய மன்னனுடையதா? விமானம் அதனைச் சொல்லாது.

இந்நகரிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விதான சௌதாவிற்கு 1951 சூலை 13ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1956இல் அது எழுந்து முடிந்தது. தொடக்கத்தில் எண்ணியது எளிய கட்டடமே. முதலமைச்சராக வந்த கெங்கல் அனுமந்தையா அதனை விரித்து, திராவிடக் கோயிற் கலையின் சாயல் பொருந்திய மாளிகையாக மாற்றினார். வரைந்து எழுப்பியவர் தலைமைப் பொறியாளர் பி. ஆர். மாணிக்கம். இன்று அதன் படிகளின்முன் நின்று நாம் வியக்கும் மிடுக்கு யாருடைய குணம்? கேட்டவருடையதா, செய்தவருடையதா? எதிர்ப்புறத்தில் செந்நிறத்தில் நிற்கும் அட்டார கச்சேரியைப் பார்த்தபடியே அவ்விடத்தில் பலகாலும் இவ்வினாவை எண்ணியிருக்கிறோம். பிறர் கட்டடங்களைப் பற்றி எமக்கு எழுந்த இவ்வையம், கோனிக்ஸ்பெர்கரைப் பற்றி மட்டும் எழவில்லை. விறைப்பு என்ற சொல் முன்னமே கிடைத்துவிட்டதால் ஐயத்திற்கு இடமில்லாமற் போயிற்று.

விளையாட்டு நடந்த அன்றே, இரவு உணவிற்குப்பின் பெயர்த்தி எம் நூலடுக்கிலிருந்து தடித்த நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "உணர்ச்சியில்லாதவர் என்று சொல்லிவிட்டு அவர் நூலை வைத்திருக்கிறீர்களே, தாத்தா. இது எங்களுக்கும் பாடநூல்தான்" என்றாள். வெப்ப நாடுகளில் வீடும் கட்டடமும் அமைக்கும் முறை பற்றிக் கோனிக்ஸ்பெர்கர் வேறு மூவருடன் சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் எழுதிய கையேடு அது. அந்நூல் எம்மிடம் வந்த வகையைச் சொல்வதற்கு நாணுகிறோம். ஆயினும் சொல்லியே ஆகவேண்டும்.

1984ஆம் ஆண்டில் எமக்குக் கீழ் உதவிப் பொறியாளர் ஒருவர் பணியாற்றினார். எம்மினும் இளையவர், தமிழர், சேலத்துப் பக்கத்தவர். ஓர் அலுவலகக் கட்டடத்திற்கான வரைபடம் எம் மேசைக்கு வந்தது. வழக்கமான மாதிரி வரைபடத்தைப் பின்பற்றி வரைவதே அன்றைய முறை. அவர் அதனை ஏற்கவில்லை. பெங்களூர் ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியில் நண்பகற் கதிரவன் நம் தலைக்கு நேரே வந்து, பின் வடக்கே சாய்கிறான். ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் வடபுறத்திலேயே நிற்கிறான். ஆகவே வடக்குச் சன்னலுக்கு நிழல் வேண்டாம் என்று வடநாட்டு மாதிரியைப் பார்த்து விட்டுவிடலாகாது என்றார். மாலை வெயில் தாழ்ந்து வருவது. அதனை மேலே நீட்டிய சன்ஷேடு தடுக்காது. மேற்குச் சன்னல்களுக்குப் பக்கவாட்டிலும் செங்குத்தான தடுப்பு வேண்டும் என்றார். ஒரு குச்சியை மொட்டைமாடியில் நட்டு நாள்தோறும் நிழலை அளந்து குறித்துக்கொண்டு வந்து காட்டினார்.

யாம் மறுத்தோம். செலவு கூடும், மதிப்பீட்டைத் திருத்தவேண்டும், மேலிடத்தில் கேள்வி வரும். அவர் மீண்டும் வந்தார். மீண்டும் மறுத்தோம். மூன்றாம் முறையும் வந்தார். அவ்வாண்டு இறுதியில் அவரைப் பற்றிய மந்தணக் குறிப்பை எழுதும் கடமை எமக்கு வந்தது. திறமையுண்டு, ஆயினும் பிடிவாதக்காரர், பிறரோடு ஒத்துப்போகும் இயல்பினர் அல்லர் என்று எழுதிக் கையொப்பமிட்டோம். எழுதும்போது எம் மனம் உறுத்தவில்லை. மனிதரை அளக்கத் தெரிந்தவர் என்ற சிறு பெருமையே இருந்தது. அக்குறிப்பு அவருடைய பதவி உயர்வைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்தது. அவர் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை. வேற்றூருக்கு மாற்றம் பெற்றுப் போனார்.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே கட்டடத்தில், மேற்குப் புறத்து அறை ஒன்றில் யாம் அமரவேண்டி வந்தது. பிற்பகல் மூன்று மணிக்குமேல் வெயில் மேசைமீதே வந்து படியும். சன்னற் கண்ணாடியில் நாளிதழ்த் தாளை ஒட்டினோம், கோப்புகளை அடுக்கி மறைத்தோம், மின்விசிறியைப் பழித்தோம். இத்தனையும் செய்தும் அவர் சொன்னது எம் நினைவிற்கு வரவில்லை. பிடிவாதக்காரர் என்று ஒருமுறை எழுதி முடித்துவிட்டபடியால், அவர் சொன்ன செய்தியும் அச்சொல்லோடு கோப்பிற்குள் போய்விட்டது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் மறைந்தார். துக்கம் கேட்கச் சென்றபோது அவருடைய மகன், "அப்பா உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார், ஐயா" என்று இந்நூலைத் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தோம். திறந்து பார்க்கத் துணிவு வரவில்லை. நூலடுக்கில் வைத்துவிட்டோம்.

அதனைத்தான் பெயர்த்தி எடுத்து வந்தாள். பக்கங்களைப் புரட்டியவள், "யாரோ நிறையக் குறிப்பு எழுதியிருக்கிறார்களே" என்றாள். கதிரவன் செல்லும் பாதையைக் காட்டும் படங்கள் நிறைந்த பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சிலால் நாளும் நேரமும் நிழலின் நீளமும் எழுதப்பட்டிருந்தன. செங்குத்துத் தடுப்புகளைப் பற்றிய இடத்தில், அந்தக் கட்டடத்தின் பெயரை எழுதி அதன்கீழ் ஒரு வரி: "மீண்டும் கேட்கவேண்டும். அதிகாரி நல்லவர், பொறுமையாகச் சொன்னால் கேட்பார்."

யாம் அவரைக் கணித்தோம். அவரும் எம்மைக் கணித்திருக்கிறார். இரண்டு கணிப்பும் தவறு.

அன்றிரவு யாம் உறங்கவில்லை. அடுத்த நாள் முதல், அந்நூலை எழுதியவரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். ஒருவரிடம் கேட்கத் தவறிய மன்னிப்பை இன்னொருவரைப் புரிந்துகொண்டு ஈடு செய்யலாம் என்ற எண்ணம் எமக்கு இருந்திருக்கலாம்.

கோனிக்ஸ்பெர்கர் 1908இல் பெர்லினில் பிறந்தவர்; ஆன்சு பொல்சிக், புரூனோ டவுட் போன்ற பெருங்கலைஞர்களிடம் பயின்றவர். 1933இல் விளையாட்டரங்கு ஒன்றின் வரைவுக்காக நாட்டின் பெரும் பரிசாகிய சிங்கெல் பரிசைப் பெற்றார். அதே ஆண்டில், யூத வழியினர் என்ற ஒரே காரணத்தால் அரசுப் பணியை இழந்தார். பிறந்த நாடு கைவிடவே எகிப்து சென்றார். அங்கே பழங்கால எகிப்தியரின் கதவுகள் எவ்வாறு அமைக்கப்பட்டன என்பதை ஆராய்ந்து நூல் எழுதினார். வாயில்கள் எல்லாம் அடைபட்ட ஒருவர் கதவுகளை ஆராய்ந்தார் என்று படித்தபோது எம் உள்ளம் நெகிழ்ந்தது. ஆனால் உடனே எம்மை யாமே தடுத்துக்கொண்டோம். இதுவும் ஒரு புனைவுதானே? அவர் கதவுகளை ஆராய்ந்தது அங்கே கிடைத்த வேலை அதுவாக இருந்ததாலும் இருக்கலாம்.

அவர் இந்நகருக்கு வந்த வழியும் கேட்கத் தக்கது. இயற்பியலறிஞர் மாக்சு போர்ன் அவருடைய தாய்மாமன். அவரும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவரே. சர் சி. வி. இராமனின் அழைப்பை ஏற்று 1935ஆம் ஆண்டின் இறுதியில் வந்து, சில மாதங்கள் இந்திய அறிவியல் கழகத்தில் தங்கியிருந்தார். மாமனார் வழியாகத் திவான் சர் மிர்சா இஸ்மாயிலுக்கு மருமகன் அறிமுகமானார். 1939இல் கோனிக்ஸ்பெர்கர் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகப் பொறுப்பேற்றார்.

திவானோ குவிமாடமும் வளைவும் பூங்காவும் விரும்பும் இரசனையாளர். வந்தவரோ அணிகளை நீக்கிக் கட்டும் புது நெறியில் பயின்றவர். பசவனகுடிக் கிருஷ்ணராவ் பூங்காவின் மண்டபமும் கோனிக்ஸ்பெர்கர் காலத்துப் பணியே. அங்கே திவானின் விருப்பத்திற்கும் நாட்டு மரபிற்கும் இடம் தந்திருக்கிறார். அம்மண்டபத்தை மட்டும் கண்டவர் அவரை மரபை மதிக்கும் மென்மையாளர் என்பர். உலோகவியல் கட்டடத்தை மட்டும் கண்ட யாம் விறைப்பானவர் என்றோம். மனிதர் ஒருவரே. கேட்டவர், காலம், பணம், போர்க்காலத்துச் சிமெண்டு இரும்புத் தட்டுப்பாடு ஆகிய இத்தனையும் சேர்ந்து ஒரு கட்டடத்தைச் செய்கின்றன. அவற்றையெல்லாம் கழித்துவிட்டு எஞ்சுவதைக் குணம் என்று சொல்லலாம். கழிக்கத் தெரிந்தவர் யார்?

1948இல் அவர் டெல்லி சென்று நடுவண் அரசின் வீட்டுவசதி இயக்குநரானார். நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்த இலட்சக்கணக்கானோருக்கு உறைவிடம் தேடும் பொறுப்பு அவரிடம் வந்தது. நாடிழந்த ஒருவர் நாடிழந்தோருக்கு ஊர் சமைக்க முனைந்தார். புவனேசுவரத்தின் புது நகர்த் திட்டமும் அவர் வரைந்ததே. ஆயினும் எல்லாம் வெற்றியாக முடியவில்லை. பகுதி பகுதியாக முன்னரே வார்த்து வந்து பொருத்தும் வீடுகளுக்காக டெல்லியில் ஒரு தொழிற்சாலை தொடங்கப்பட்டது, அம்முயற்சி தோற்றது. 1951இல் அவர் இந்தியாவை விட்டு இலண்டன் சென்றார்.

தோல்விக்குப்பின் அவர் செய்தது எம்மை மிகவும் ஈர்த்தது. இலண்டனில் வெப்ப நாட்டுக் கட்டடக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியரானார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து சென்ற மாணவர் பலர் அவரிடம் பயின்றனர். 1963இல் ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் சார்லஸ் ஆப்ராம்சு, சுசுமு கோபே ஆகியோருடன் சிங்கப்பூர் சென்று அந்நகரின் வளர்ச்சி பற்றி அறிக்கை தந்தார். நகரம் முழுமைக்கும் ஒரே பெருந்திட்டம் தீட்டி, அது முடியும்வரை காத்திருப்பது வீண். மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆகவே செயலும் திட்டமும் உடனுக்குடன் சேர்ந்தே நடக்கவேண்டும் என்பது அவர் வந்தடைந்த கொள்கை. தொழிற்சாலையில் வார்த்த வீட்டை நம்பியவரும், எதனையும் முன்னரே வார்த்து முடித்துவிடலாகாது என்று சொன்னவரும் ஒருவரே. 1999இல் மறையும் வரை அவர் மாறிக்கொண்டே இருந்தார். அவரை எந்தக் கட்டத்தில் அடைப்பது? 1943இல் ஒரு கட்டம், 1963இல் இன்னொரு கட்டமா? அந்த வினாத்தாளைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது என்று உளவியலார் குறை கூறுகின்றனர். வாழும் மனிதரையே கட்டத்திற்குள் நிறுத்தி வைக்க இயலவில்லை என்றால், மறைந்தவர் என் செய்வார்?

நம் முன்னோர் இதில் விழிப்பாக இருந்தனர் என்று எமக்குத் தோன்றுகிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு வகுத்தார். ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன் காட்டி முப்பத்திரண்டாக்கினார். ஆனால் அவர் வகுத்தது உணர்வுகளை, ஆட்களை அல்ல. அச்சம் வருவதற்குரிய காரணங்களைச் சொன்னாரேயன்றி, இவர் அச்சக்காரர் என்று எவர் நெற்றியிலும் ஒட்டவில்லை. வள்ளுவரும் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். குணமும் குற்றமும் இரண்டையும் ஆராய்ந்து எடைபோட வேண்டும் என்பதும், ஒருவரை அறிய அவர் செயலே உரைகல் என்பதும் அங்கே அவர் காட்டும் நெறி. மந்தணக் குறிப்பை எழுதிய நாளில் அந்த அதிகாரம் எமக்கு மனப்பாடமாகவே இருந்தது.

அண்மையில், இந்திய அறிவியல் கழகம் ஆண்டுதோறும் பொதுமக்களுக்காகத் திறந்து வைக்கும் நாளில், பெயர்த்தியுடன் அங்கே சென்றோம். மாணவர் கூட்டமும் பள்ளிப் பிள்ளைகளின் ஆரவாரமும் நிறைந்திருந்தன. யாம் கைத்தடியை ஊன்றி உலோகவியல் கட்டடத்தின்முன் நின்றோம். 1967இல் யாம் மேலே பார்த்தோம். கோபுரம் இல்லையே என்று ஏமாந்தோம். இம்முறை சுவரில் விழுந்த நிழலைப் பார்த்தோம். துருத்தி நின்ற தடுப்புகளின் நிழல் சன்னல்களை மூடியிருந்தது. உள்ளே அமர்ந்து வேலை செய்வோரின் கண்ணில் வெயில் படாது; மேசையில் தாள் ஒட்டவேண்டியதில்லை. யாம் விறைப்பு என்று பெயரிட்ட அந்த நேர்க்கோடு, நம் பழைய வீடுகளின் இறவாரமும் தாழ்வாரமும் செய்த வேலையையே செய்துகொண்டிருந்தது. முகந்தெரியாத ஒருவர்மீது வெயில் படக்கூடாது என்று எண்ணி ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். அக்கணக்கை உணர்ச்சியின்மை என்று சொல்ல யாம் எப்படித் துணிந்தோம்?

எம் உதவிப் பொறியாளர் பிடிவாதக்காரரே. அதனை இன்றும் மறுக்கவில்லை. மூன்று முறை வந்தவரை வேறு என்னவென்று சொல்வது? ஆனால் குணத்தைக் குறிக்கும் சொல், ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை மட்டுமே சொல்லும். எதற்காக, யாருக்காக என்பதைச் சொல்லாது. அவருடைய பிடிவாதம், யாம் பின்னாளில் அமரப்போகும் அந்த மேற்கு அறைக்காக இருந்தது. அந்தப் பாதியை எழுத எம் குறிப்பில் இடம் இருந்தது. யாம் எழுதவில்லை.

கட்டடத்தைக் கண்டு கட்டியவரைப் பற்றி எதுவுமே சொல்லக்கூடாது என்பது எம் கருத்து அன்று. அவர் எதனைக் கவனித்தார், எதனைக் கவனியாது விட்டார் என்று சொல்லலாம். வெயிலைக் கவனித்தாரா, வேந்தனைக் கவனித்தாரா, வருவோரின் கால்களைக் கவனித்துப் படியின் உயரத்தைக் குறைத்தாரா என்று சொல்லலாம். கல் அவ்வளவுக்குச் சான்று கூறும். அதற்குமேல் நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் நம்மைப் பற்றியதே. கோடுகளைக் கண்டு விறைப்பு என்று யாம் சொன்னது, கோபுரத்தை மட்டுமே அழகென்று எண்ணிய எம் இளமையைக் காட்டியது. ஒருவரைப் பிடிவாதக்காரர் என்று யாம் எழுதியது, கேள்விக்கு அஞ்சிய எம் நாற்காலியைக் காட்டியது.

திரும்பும் வழியில் பெயர்த்தியிடம், "உங்கள் விளையாட்டில் கோனிக்ஸ்பெர்கரை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துவிடு, அம்மா" என்றோம்.

"எந்தக் கட்டத்தில் மாற்றிப் போடட்டும், தாத்தா?" என்றாள்.

"எதிலும் வேண்டாம். அவர் பெயருக்கு எதிரே, மேற்கு வெயிலைக் கவனித்தவர் என்று எழுது. அதன்கீழே இன்னொரு பெயரையும் எழுதவேண்டும்" என்று சொல்லி, எம் உதவிப் பொறியாளரின் பெயரைச் சொன்னோம். அவள் யாரென்று கேட்டாள். மல்லேசுவரம் கடந்து வீடு சேரும்வரை அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தோம்.